சும்மா வந்தவர்கள்

கல்லேரிவலசுக்கு யாரும் சும்மா வந்தது கிடையாது. ஓட்டுக் கேட்க வருவார்கள், பெண் பார்க்க வருவார்கள், இழவுக்கு வருவார்கள், மாட்டுக்கு ஊசி போட வருவார்கள், காற்றாலைக்கு இடம் கேட்டு வெள்ளைக் காரில் வந்து வேலி ஓரமாக நின்று கையை நீட்டி நீட்டிப் பேசிவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஒரு வியாழக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் ஐம்பதைத் தாண்டிய மூன்று பெண்கள் ஆளுக்கொரு பையோடு இறங்கி, என்ன விசேஷமுங்க என்று டீக்கடை பெஞ்சு கேட்டதற்கு, ஒரு விசேஷமும் இல்லை, சும்மாதான் வந்தோம், நாலு நாள் இருந்துவிட்டுப் போவோம் என்று சொன்னபோது, ஊர் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டதே தவிர ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை.

மூவரில் தெய்வானை அந்த மண்ணில் பிறந்தவள்தான். இப்போது திருச்சியில் கணக்கு டீச்சர். அப்பா பங்காக வந்த நாலு ஏக்கரும் ஒரு கிணறும் ஓட்டு வீடும் அவள் பேரில் இருந்தன, நிலத்தை நாச்சிமுத்துவும் அவன் மனைவி மயிலாத்தாளும் குத்தகைக்குப் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இரண்டாமவள் ரோஸ்லின், முப்பது வருஷம் நர்ஸாக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றவள். மூன்றாமவள் வனஜா. வனஜா என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும் அவள் கணவர் சபேசன் இருபத்தெட்டு வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்: "வீட்ல சும்மாதான் இருக்கா."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஊரே சொல்கிற மாதிரி சொன்னார். வனஜாவும் ஒருநாளும் அதைத் திருத்தியதில்லை, ஏனென்றால் அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் அடுப்படியில் எதையாவது கிளறிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் பள்ளிக்கூட விண்ணப்பங்களில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு விட்டுவிடுவார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் காலை நாலரை மணிப் பால், மூன்று வேளைச் சமையல், மாமியாரின் கடைசி ஆறு வருஷம், மாடிக் குழாயின் ஒழுக்கு எல்லாம் கிடந்தன.

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த மூவரும் இப்படி ஒரு பயணம் போகவேண்டும் என்று பதினோரு வருஷமாகத் திட்டம் போட்டார்கள். ஒரு வருஷம் மகளின் பிரசவம், ஒரு வருஷம் கண் ஆபரேஷன், ஒரு வருஷம் பிளஸ் டூ பரீட்சை. இந்த வருஷம் ரோஸ்லின் யாரையும் கேட்காமல் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டு, அதற்கப்புறம் போன் செய்தாள். வனஜா மூன்று ராத்திரியாகப் பொடிகள் அரைத்து, டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டி, நாலு நாளுக்கான மாத்திரைகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வந்த அன்றைக்கே ஊர் தன் பங்குக்கு வேலையை ஆரம்பித்தது. தெய்வானை நிலத்தை விற்க வந்திருக்கிறாள் என்று இரண்டு பேர் மாலைக்குள் விலை பேச வந்தார்கள். இல்லை, மகனுக்குப் பெண் தேடி வந்திருக்கிறாள் என்று ஒருவர் மஞ்சள் தடவிய ஜாதகத்தோடு வந்தார். ரேஷன் கார்டைச் சரிபார்க்க ரகசியமாக அனுப்பப்பட்டவர்கள் என்று டீக்கடையில் முடிவானதால், ஏழு பேர் கார்டின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த வழியாக நடந்து பார்த்தார்கள். சும்மா என்றால் உள்ளே என்னமோ இருக்கிறது என்றுதான் அந்த ஊருக்கு அர்த்தம்.

அவர்களுக்கோ அன்றைக்கு நேரமே போதவில்லை. மரத்திலிருந்தே பறித்த கொய்யாவை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றார்கள். மத்தியானம் கம்பஞ்சோற்றில் தயிர் ஊற்றி, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு, ஆளுக்கு மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டு அப்படியே தரையில் சாய்ந்தார்கள். சாயங்காலம் நாச்சிமுத்து மோட்டாரைப் போட்டுவிட, கிணற்றடித் தொட்டிக்குள் மூன்று பேரும் நைட்டியோடு இறங்கி, குழாயிலிருந்து விழுகிற தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, விடுதி வார்டனைப் போலப் பேசிக்காட்டிச் சிரித்ததில் ரோஸ்லினுக்குப் புரையேறியது. சரியாக இருபதாவது நிமிஷம் குழாய் இருமியது, இரண்டு தடவை காற்றைத் துப்பியது, நின்றுவிட்டது. கிணற்றில் அவ்வளவுதான் இருந்தது.

மயிலாத்தாள் துண்டை நீட்டியபடியே ஒரு கணம் வெங்காயக் காட்டைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். வனஜா அதைப் பார்த்துவிட்டாள். அன்றிரவு சாப்பாட்டின்போது கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினாள். நட்டு நாற்பத்தைந்து நாள் ஆன சின்ன வெங்காயம், இனி நாலு தண்ணி பாய்ச்சினால் காய் பெருத்துவிடும், பாய்ச்சாவிட்டால் காட்டை அப்படியே உழுதுவிட வேண்டியதுதான். கிணற்றிலோ ஐம்பத்தாறு படியும் காய்ந்து, அடிப்பாறைக் குழியில் எருமை படுக்கிற அளவுக்குத்தான் தண்ணீர். வெங்காயத்தின் தண்ணீரில் உட்கார்ந்து சிரித்துவிட்டோமே என்று வனஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத் தெய்வானையும் ரோஸ்லினும் கிளம்பினார்கள். வனஜா போகவில்லை. மயிலாத்தாளுக்குக் கூடமாட உதவினால் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்து, கத்தரிக்காயையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மயிலாத்தாள் வந்து இரண்டையும் பிடுங்கிக்கொண்டாள். விருந்தாளியை அந்தப் பக்கம் ஒறம்பரை என்பார்கள். ஒறம்பரையை வேலை வாங்கிய வீடு என்று பெயர் வந்தால் அப்புறம் அந்த வீட்டுக்குள் நல்லது கெட்டது எதற்கும் ஆள் நுழையாது.

"ஒறம்பரைக்கு வந்தவங்க கையில கத்தியக் குடுத்தன்னு தெரிஞ்சா என்னய நாலு பேரு காறித் துப்புவாங்கக்கா," என்றாள். "கெணத்தடியில கட்டில் கெடக்குது பாருங்க. போய் சும்மா இருங்க."

அந்தச் சொல்லை வனஜா ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். யாரும் அதை அவளுக்குக் கொடுத்ததில்லை. அவள் போய்ப் புங்க மரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் படுத்தாள்.

முதலில் கைகள்தான் அடங்கவில்லை, முந்தானையை மடித்தன, பிரித்தன, மறுபடி மடித்தன. பிறகு தலைக்குள் வரிசையாக ஒவ்வொன்றும் எழுந்து நின்றது, பாலுக்கு உறை ஊற்றினார்களா, கேஸ் தீர்ந்திருக்குமா, மகன் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டிருப்பானா, மாவு பொங்கி வழிந்திருக்குமா, துளசிக்கு யார் தண்ணீர் விட்டார்கள், என்று நின்றவை எல்லாம், அவள் எழுந்து வரவில்லை என்று தெரிந்ததும், ஒன்றன்பின் ஒன்றாக, கல்யாணம் முடிந்த பந்தலிலிருந்து ஆட்கள் போவது போலப் போகத் தொடங்கின. கடைசியாகத் துளசியும் போனபின், புங்க இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரிந்த வானத்தைத் தவிர அவளுக்குள் ஒன்றும் இல்லை, அந்த வானத்தைக்கூட அவள் எதற்காகவும் பார்க்கவில்லை. அப்போது கிணற்றில் தண்ணீர் ஏறியது.

முந்தின நாள் காற்றை இழுத்துவிட்ட மோட்டார்க் குழாயைச் சரிசெய்ய வந்த நாச்சிமுத்து எட்டிப் பார்த்தபோது அடியிலிருந்து ஒன்பது படிகள் மூழ்கியிருந்தன. அவன் பேச்சுக் குறைவானவன். ஏன் எப்படி என்று நின்று யோசிக்க அவனுக்கு நேரமும் இல்லை, மும்முனை மின்சாரம் மூன்று மணிவரைதான். வீட்டுப் பக்கம் திரும்பி, "தண்ணி ஏறிருச்சு, வாய்க்கால்ல ஆளு நில்லு," என்று குரல் கொடுத்துவிட்டு மோட்டாரைப் போட்டான். காட்டில் பாதிக்கு மேல் பாய்ந்தது. சபேசனுக்கு மத்தியான மாத்திரையை ஞாபகப்படுத்தவேண்டுமே என்று வனஜா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்த நொடியில் ஏறுவது நின்றது.

முதலில் கண்டுபிடித்தது மயிலாத்தாள்தான். சந்தையிலிருந்து பொரியும் கருப்பட்டி மிட்டாயும் வாங்கிக்கொண்டு வந்த தோழிகளிடம், அக்கா படுத்தா ஏறுதுங்க, எந்திரிச்சா நிக்குதுங்க என்றாள். தெய்வானை கணக்கு டீச்சர், அப்படியே நம்பமாட்டாள். சாக்பீஸால் படிகளில் எண் எழுதிவிட்டு வனஜாவை மறுபடி படுக்கச் சொன்னாள். சும்மா படுத்தால் அரை மணிக்கு மூன்று படி. மடியில் அவரைக்காயை வைத்து உரித்தால் ஒன்றும் இல்லை. உரிக்காமல், இரவுக்கு என்ன குழம்பு என்று யோசித்தால் அரைப் படி இறங்கியது. இருட்டுவதற்குள் கணக்கு சந்தேகமில்லாமல் முடிந்து, அடியில் மூன்று படி போக அன்றைய மீதித் தண்ணீரும் வெங்காயத்துக்குப் போனது. முதல் தண்ணி முழுசாக ஆயிற்று.

சனிக்கிழமை பொழுது விடிந்தபோது ஊருக்கு விஷயம் தெரிந்திருந்தது, தெரிந்ததும் ஊருக்கு ஒரு நிம்மதி. இவர்கள் எதற்கு வந்தார்கள் என்று இப்போதுதான் விளங்கிற்று. வந்த அன்றைக்கே சும்மா வந்தோம் என்று சொன்னார்களே, நாம்தான் சரியாகக் காது கொடுக்கவில்லை என்று டீக்கடை தன்னைத்தானே கடிந்துகொண்டது. தண்ணீர் ஏன் ஏறுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் யார் சும்மா இருந்தால் ஏறும் என்பதுதான் கேள்வி.

பிறந்ததிலிருந்து வேலை செய்யாதவன் என்று ஊரே ஒப்புக்கொண்ட செங்கோடனை முதலில் கூட்டிவந்தார்கள். அவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் அழைப்பு அது. தலைவாரிக்கொண்டு வந்து கட்டிலில் படுத்தான். ஒரு மணி நேரம் ஆகியும் தண்ணீர் அசையவில்லை. கேட்டுப் பார்த்தால், அடுத்த டீ யார் வாங்கித் தருவார்கள், கடன் கொடுத்தவன் எந்த வழியில் வருவான், சீட்டாட்டத்துக்கு நாலாவது கை யார் என்று காலையிலிருந்து ராத்திரிவரை அவன் மண்டைக்குள் ஓயாத வேலை. இவ்வளவு பாடுபடுகிறவனைப் போய்ச் சோம்பேறி என்றோமே என்று ஊர் கொஞ்சம் வருத்தப்பட்டது. அடுத்து திருமலைசாமி வாத்தியார் வந்தார். தினமும் தியானம் செய்கிறவர். சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, நெற்றிப்பொட்டில் மனத்தை நிறுத்தியதில் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. போதுமுங்க வாத்தியாரே என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். ரோஸ்லின் படுத்தாள், ஆனால் அவளை அறியாமல் எல்லாருக்காகவும் ஜெபம் பண்ணிவிட்டாள், அதுவும் வேலைதான். தெய்வானை படுத்துப் படிகளை எண்ணினாள்.

ஆகவே வனஜா ஒருத்திதான் என்று முடிவானது. முடிவானதும் ஊர் அவளை எப்படித் தாங்குவது என்று இறங்கிவிட்டது. கோயில் கமிட்டி கூம்பு ஸ்பீக்கரை நிறுத்தியது. சேவல்களைக் கூடையில் கவிழ்த்தார்கள். கிணற்றுக்கு முன்னால் போகிற வண்டிகள் இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்றும், அந்த அம்மாவிடம் யாரும் வாயைத் திறந்து சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கக்கூடாது, கேட்டால் பதில் யோசிப்பார்கள் என்றும் சொல்லப்பட்டது. அண்டை வலசு ஊர்களிலிருந்து தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை வைத்துக்கொண்டு தம்பதியாக வந்து, எங்க கெணத்தடிக்கும் வந்து ஒரு அரை மணி நேரம் சும்மா இருந்துட்டுப் போகோணுமுங்க என்று அழைத்தார்கள். பத்து மணிக்குள் அப்படி ஆறு அழைப்பு. மரத்துக்கு அப்பால், மரியாதையான தூரத்தில், நாற்பது பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்து கிணற்றைப் பார்த்தார்கள்.

வனஜா படுத்திருந்தாள். கண்ணை மூடினாள், திறந்தாள். நாற்பது பேருக்குத் தண்ணீர் வேண்டும். ஆறு கிணறு. நாலு ஏக்கர் வெங்காயம். முந்நூறு பேர் பந்திக்கு ஒற்றையாளாக உலை வைத்தவளுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இன்னும் சும்மாவாக இருக்கவேண்டும், நன்றாக இருக்கவேண்டும் என்று பல்லைக் கடித்தாள். தண்ணீர் ஒரு விரல்கூட ஏறவில்லை.

போதாததற்கு போன். சபேசன் பத்து மணிக்குக் கூப்பிட்டு, சீரகம் எங்கே என்று கேட்டார். மூன்றாவது படி வெளியே தெரிந்தது. பதினோரு மணிக்கு, வாஷிங் மெஷின் சிவப்பு விளக்கு எரிகிறது என்றார். இரண்டாவது படி. பன்னிரண்டுக்கு மறுபடியும் சீரகம். பெயர் எழுதி ஒட்டியிருக்கிறதே என்று வனஜா சொல்ல, நீ எழுதினது ஒண்ணும் கண்ணுக்குத் தெரியலை என்றார். பாறைக்குழி கண்ணில் பட்டுவிட்டது. நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், யாருங்க அந்தச் சபேசன் என்று கிசுகிசு ஓடியது. வாழ்நாளில் அவரைப் பார்த்திராத ஊர் அன்று மத்தியானத்துக்குள் அவர்மேல் கோபமாக இருந்தது.

வனஜா எழுந்து உட்கார்ந்தாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு மத்தியானம் கிடைத்தது, அதையும் பிடித்து வேலையாக்கிக் கையில் கொடுத்துவிட்டார்களே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெங்காயத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. மோர் கொண்டுவந்த மயிலாத்தாளிடம், "எனக்கு வரலை மயிலா. உன் தண்ணியில நாங்க குளிச்சுட்டோம், அதையாவது திருப்பிக் குடுக்கலாம்னு பார்த்தேன். வரலை," என்றாள்.

மயிலாத்தாள் மோர்ச்செம்பைக் கீழே வைத்தாள். கூட்டத்தின் பக்கம் திரும்பி, அவரவர் வீட்டில் வேலை இல்லையா, ஒறம்பரை வந்த இடத்தில் இப்படித்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்களா என்று ஒரே மூச்சில் கேட்டதில் நாற்பது பேரும் வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்து போனார்கள், அவர்களோடு தெய்வானையும் ரோஸ்லினும்கூட நகர்ந்தார்கள். அப்புறம் வனஜாவிடம் வந்தாள்.

"போனாப் போகுதுங்கக்கா வெங்காயம். அடுத்த பட்டத்துல நட்டுக்குவோம். நீங்க தண்ணி எறைக்க வரலீங்க, ஒறம்பரைக்கு வந்திருக்கறீங்க. எங்க வெங்காயத்த நீங்க எதுக்குத் தூக்கிச் சொமக்கறீங்க?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மயிலாத்தாள் கட்டிலிலிருந்து அதை எடுத்தாள். மறுமுனையில் சபேசன் வனஜா எங்கே என்று கேட்டிருக்கவேண்டும். "அக்கா சும்மா இருக்கறாங்க சார், இப்பக் கூப்பிட முடியாதுங்க," என்று சொல்லிவிட்டு, போனைத் தன் சுருக்குப்பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள்.

கட்டிவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பியவளின் கையை வனஜா பிடித்துக்கொண்டாள். உட்காரு என்றாள். மயிலாத்தாள் எருமை, சாணி, ராகிக்கூழ் என்று வரிசையாகச் சொன்னாள். நாச்சிமுத்து பார்த்துக்கொள்ளட்டும் என்றாள் வனஜா. அவருக்குக் கூழ் காய்ச்சத் தெரியாதுங்கக்கா என்றாள் மயிலாத்தாள். தெரிந்துகொள்ளட்டும் என்றாள் வனஜா. மயிலாத்தாள் தயங்கித் தயங்கி, யாரோ வந்து எழுப்பிவிடுவார்கள் என்பது போலக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அந்தக் கட்டிலுக்குக் கயிறு பின்னியவள் அவள்தான். பகலில் அவள் அதில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

கொய்யாவை நறுக்காமல் கடித்தார்கள். மயிலாத்தாளுக்குச் சின்ன வயதில் ரங்கராட்டினம் என்றால் பயம் என்று பேச்சு வந்தது. வனஜாவுக்குப் பல்லி என்றால் பயம். பிறகு பேச்சும் தீர்ந்தது. காலை மேலே தூக்கி வைத்துச் சாய்ந்தார்கள். தொழுவத்தில் நாச்சிமுத்து எருமையோடு மல்லுக்கட்டுகிற சத்தம் கேட்டது, அடுப்பில் கூழ் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, ஐந்து நிமிஷத்துக்கு மயிலாத்தாளின் கால் கட்டைவிரல் எழட்டுமா எழட்டுமா என்று ஆடிக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் ஓய்ந்தது; வெங்காயம் போனால் போகிறது என்று ஒருத்தியும், நம்மால் முடியாவிட்டால் போகிறது என்று ஒருத்தியும், அதையும் மறந்துவிட்டு இரண்டு பேரும், புங்க மரத்தில் ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய எதையோ இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள், அந்த எறும்புக்கும் அவர்கள் உதவவில்லை. கிணற்றுக்குள் பாறை இடுக்குகளெல்லாம் ஒரே சமயத்தில் திறந்து, ஒன்பதாம் படி, இருபதாம் படி, முப்பத்தெட்டாம் படி என்று தெய்வானை எழுதிய எண்களை அழித்தபடி தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்த நாச்சிமுத்து, குனிந்து கையாலேயே அள்ளி முகம் கழுவிக்கொண்டான். தெய்வானை பாவாடை கட்டிய நாட்களுக்கு அப்புறம் அந்த மேல்படி நனைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லேரிவலசின் எல்லாக் கிணற்றடியிலும் கட்டில் கிடந்தது. எல்லாக் கட்டிலிலும் பெண்கள் கிடந்தார்கள். எப்போதும் வேலையில் இருக்கிறவர்கள் நிஜமாகவே விட்டால்தான் ஏறும் என்று மயிலாத்தாள் சொல்லிவிட்டாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சிலருக்கு இரண்டு படி ஏறியது, சிலருக்கு இருபது. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணுக்கு ஒன்றும் ஏறவில்லை, நன்றாகத் தூங்கி எழுந்து வந்தாள், அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டார்கள். ஊர் முழுக்கப் பருப்பு தீய்ந்த வாசனை அடித்தது. உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்க ஆண்கள் கிணற்றடி வரைக்கும் வந்து, நின்று, தண்ணீரைப் பார்த்து, கேட்காமலே திரும்பினார்கள்.

பத்தரை மணிக்குச் சபேசனின் கார் வந்தது. முந்தின நாள் போனில் கேட்டது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. டீக்கடையில் காரை நிறுத்தி, தன் பெயரைச் சொல்லி வழி கேட்டார். பெஞ்சு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"சீரகம் கிடைச்சுதுங்களா சார்?" என்றான் செங்கோடன்.

அவர் கிணற்றடிக்கு வந்தபோது இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டு நாலு பெண்கள் கால் நீட்டிக் கிடந்தார்கள். ரோஸ்லின் ஜெபம் பண்ணாமல் இருக்கவும் தெய்வானை எண்ணாமல் இருக்கவும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். வனஜாவின் முகத்தைச் சபேசன் பார்த்தார். அவளுக்கு அப்படி ஒரு முகம் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் வாயைத் திறப்பதற்குள் வரப்பிலிருந்து நாலு பேர் உதட்டில் விரல் வைத்தார்கள். நாச்சிமுத்து அருகில் வந்து, காட்டில் ஆள் பற்றவில்லை சார் என்று மெதுவாகச் சொல்லி, மம்மட்டியை அவர் கையில் கொடுத்தான்.

என்ன ஏது என்று கேட்கவேண்டும் என்றுதான் நினைத்தார், ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, தண்ணீர் யாருக்காகவும் நிற்காது. பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டி மறித்து அடுத்த பாத்திக்குத் திருப்பினார், அது நிறைந்ததும் அடுத்தது. இரண்டு பாத்தி உடைத்துக்கொண்டு போயிற்று, நாச்சிமுத்து வந்து சரிசெய்தான். வெயில் உச்சிக்கு வந்தபோது இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் கேட்டார். நாச்சிமுத்து தாடையால் கட்டிலைக் காட்டினான். வனஜா படுத்தது, மயிலாத்தாள் படுத்தது, படிக் கணக்கு என்று மீதியை வரப்பில் நின்றவர்கள் கிசுகிசுவென்று சொன்னார்கள்.

இரண்டு மணிக்கு, சேறு அப்பிய காலோடு வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். வனஜா தலையைத் திருப்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். தண்ணீர் இறங்கவில்லை. அதை அவரும் கவனித்தார்.

"கிளம்பலாமா?" என்றார். வழக்கமாக அவர் கேட்கிற மாதிரி இல்லை, கேள்வியாகவே இருந்தது.

"நீங்க கிளம்புங்க. நான் புதன்கிழமை பஸ்ஸுக்கு வர்றேன்."

"மயிலாத்தாள் இருக்காங்களே, தண்ணி வந்துடுமே. இங்க உனக்கு இன்னும் என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. அதான் இருக்கேன்," என்றாள் வனஜா. பிறகு, "சீரகம் ரெண்டாவது தட்டுல, மஞ்சள் மூடி டப்பா. பேர் எழுதி ஒட்டியிருக்கு. படிச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி மரத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

சபேசன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மம்மட்டிக் காம்பு பிடித்த இடத்தில் இரண்டு கொப்புளம். வீட்டில் எந்தெந்த இடத்தில் எத்தனை பாத்தி இருக்கிறது, யார் இத்தனை வருஷமாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு யோசனை வந்தது. அந்த நேரத்தில் அவருடைய போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. சென்னையிலிருந்து அவர் அக்கா. வழக்கம்போல, வனஜா எங்கேடா, என்ன பண்றா என்றுதான் ஆரம்பித்தாள்.

அவர் சட்டென்று எழுந்தார். கட்டிலுக்குச் சத்தம் போகாத தூரத்துக்கு, சேற்றுக்கால் வழுக்காமல், மெல்ல நடந்து, வெங்காயக் காட்டு ஓரத்தில் நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்.

"சும்மா இருக்கா, அக்கா. இப்பக் கூப்பிட முடியாது."

அந்தச் சொல்லை அடுப்படியிலிருந்தே கேட்டுப் பழகிய வனஜாவுக்குக் கட்டிலில் அது கேட்கவில்லை. கிணறு மேல்படியைத் தாண்டி, மோட்டார் போடாமலே, மூன்றாம் தண்ணிக்கு வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது.